வக்கீல் ‘பேசாதே’ என்கிறார், பி.ஆர். ‘உடனே பேசு’ என்கிறார்: இருவரையும் சேர்த்து எப்படி வேலை வாங்குவது?

கேள்வி சுருக்கமாக இது: நடுத்தர அளவிலான மசாலா நிறுவனம். உணவுப் பாதுகாப்புத் துறை எடுத்த மிளகாய்த்தூள் சாம்பிள் ஒன்று ஆய்வில் தேறவில்லை. செய்தி உள்ளூர்ச் சேனலுக்குப் போய்விட்டது. வக்கீல் வாயைத் திறக்காதீர்கள் என்கிறார். பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி இன்று மாலைக்குள் அறிக்கை வந்தே ஆக வேண்டும் என்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

இருவருமே பாதி சரி. வக்கீல் பயப்படுவது நாளைக்கு நீதிமன்றத்தில் உங்கள் வார்த்தையே உங்களுக்கு எதிராக நீட்டப்படும் என்பதற்கு. பி.ஆர். பயப்படுவது நீதிமன்றம் கூடும் முன்பே கடைக்காரர் உங்கள் சரக்கை அலமாரியிலிருந்து இறக்கிவிடுவார் என்பதற்கு. இரண்டும் நடக்கக்கூடியவை. எனவே யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. எதில் யாருக்குக் கடைசி வார்த்தை என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஒரு வாக்கியம் உண்மையா, அதை நிரூபிக்கக் கையில் தாள் இருக்கிறதா, சட்டப்படி இப்போது சொல்லலாமா என்ற மூன்றிலும் வக்கீல் சொல்வதே முடிவு. எப்போது சொல்வது, யார் வாயால் சொல்வது, எந்த நடையில் சொல்வது என்பதில் பி.ஆர். சொல்வதே முடிவு. வக்கீல் ஒரு வாக்கியத்தை வெட்டலாம். வெட்டினால் அந்த இடத்தில் வேறு என்ன சொல்லலாம் என்று அவரே எழுதித் தர வேண்டும். இந்த ஒரு நிபந்தனை இல்லாவிட்டால் எல்லா அறிக்கையும் ‘கருத்துக் கூற இயலாது’ என்பதில் போய் முடியும்.

முதல் வேலை, அறிக்கை எழுதுவதற்கு முன்னால், ஆய்வு முடிவு எந்த வகை என்று வக்கீல் பி.ஆருக்குப் புரியவைப்பது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் மூன்று தனித்தனி வகைகள் உண்டு: தரம் குறைந்தது, லேபிளில் தவறு உள்ளது, பாதுகாப்பற்றது. முதல் இரண்டுக்கும் அபராதம்தான். தரக்குறைவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, லேபிள் தவறுக்கு 3 லட்சம் வரை. பாதுகாப்பற்ற உணவு என்றால் அது குற்ற வழக்கு, சிறைத் தண்டனை வரை போகும். சேனலுக்கு இந்த வேறுபாடு எல்லாம் கிடையாது. ஈரப்பதம் கூடிய தூளும் ‘கலப்படம்’தான், தடைசெய்யப்பட்ட சாயம் கலந்த தூளும் ‘கலப்படம்’தான். பி.ஆர். ஆளுக்கு இது தெரிந்திருந்தால் நிருபரிடம் முதல் போனிலேயே சொல்லலாம்: “அறிக்கை சொல்வது தரக்குறைவு, பாதுகாப்பற்றது என்று அதில் இல்லை.” தெரியாவிட்டால், ‘எங்கள் தயாரிப்பில் விஷம் இல்லை’ என்று யாரும் வைக்காத குற்றச்சாட்டுக்குத் தானாகப் போய்ப் பதில் சொல்லி, மறுநாள் தலைப்பில் ‘விஷம்’ என்ற சொல்லை இவரே ஏற்றிவிடுவார்.

அடுத்து நாள்கணக்கு. சாம்பிளை நான்கு பாகமாகப் பிரிப்பார்கள். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு, உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவதை, நிறுவனம் கேட்டால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அதை எதிர்த்து, அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஏற்றால் சாம்பிள் மேல் ஆய்வகத்துக்குப் போகும். இந்த 30 நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘ஆய்வு முடிவை மதிக்கிறோம், ஏற்கிறோம்’ என்று ஒரு பதிவு போனால், நல்லெண்ணத்தில் போட்ட அந்த வரி மேல்முறையீட்டையே பலவீனப்படுத்தும். இந்தத் தேதிகளை ஒரே தாளில் எழுதி இரு தரப்பின் மேசையிலும் ஒட்டி வையுங்கள்.

இப்போது அறிக்கை. பி.ஆர். எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“எங்கள் தயாரிப்புகள் 100 சதவீதம் பாதுகாப்பானவை. ஒவ்வொரு பாக்கெட்டும் சோதிக்கப்பட்ட பின்னரே வெளியே போகிறது. இது எங்கள் வளர்ச்சியைப் பொறுக்காத போட்டியாளர்களின் சதி.”

மூன்று வாக்கியம், மூன்று கண்ணி. ஒவ்வொரு பாக்கெட்டையும் யாரும் சோதிப்பதில்லை, பேட்சுக்குச் சில மாதிரிகளைத்தான் சோதிப்பார்கள். குறுக்கு விசாரணையில் இந்த வரியைக் காட்டி உங்கள் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியைப் பத்து நிமிடத்தில் பொய்யராக்கிவிடலாம். ‘100 சதவீதம்’ என்பதை நிரூபிக்க உலகத்தில் எந்த ஆய்வகமும் தாள் தராது. போட்டியாளர் சதி என்றால், பெயர் சொல்லாவிட்டாலும் யாரைச் சொல்கிறீர்கள் என்று ஊருக்குத் தெரியும். பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்குக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள்.

வக்கீலின் வரைவோ ஒரே வரி: “விவகாரம் சட்டப்படி நிலுவையில் இருப்பதால் கருத்துக் கூற இயலாது.” இதில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் வீட்டில் அந்தத் தூள் பாக்கெட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு தகவலும் இல்லை.

இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வரக்கூடியது:

“எங்கள் மிளகாய்த்தூளின் இன்ன எண் பேட்ச் குறித்த பகுப்பாய்வு அறிக்கை இன்ன தேதியில் எங்களுக்குக் கிடைத்தது. முன்னெச்சரிக்கையாக அந்த பேட்சின் விற்பனையை நிறுத்தியிருக்கிறோம். உங்களிடம் அது இருந்தால் வாங்கிய கடையில் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டம் தரும் வழியைப் பயன்படுத்துகிறோம். வேறு பேட்சுகள் பற்றி எந்த அறிக்கையும் எங்களுக்கு வரவில்லை. விவரம் கேட்க இந்த எண்ணை அழையுங்கள்.”

இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, ஆய்வகத்தைத் திட்டவும் இல்லை. ‘வேறு பேட்சுகள் பாதுகாப்பானவை’ என்று சொல்லாமல் ‘அறிக்கை வரவில்லை’ என்று நிறுத்தியிருப்பது வக்கீலின் கை. பணத்தைத் திரும்பப் பெறும் வழியை மூன்றாவது வரிக்கே கொண்டுவந்தது பி.ஆரின் கை. ஒன்றை மட்டும் வெளியிடுவதற்கு முன்பே வக்கீல் தீர்மானிக்க வேண்டும்: இது நிறுவனம் தானாகச் சரக்கை எடுப்பதா, 2017-ஆம் ஆண்டின் உணவுத் திரும்பப் பெறுதல் விதிமுறைகளுக்குள் வருவதா? பின்னது என்றால் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதிகாரி உங்கள் நடவடிக்கையைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது. அவருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகே பத்திரிகைக்கு மெயில் போக வேண்டும்.

அறிக்கை ஆங்கிலத்திலும் தமிழிலும் போகிறதென்றால் வக்கீல் இரண்டையும் படிக்க வேண்டும். ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டு, தமிழை ஏஜென்சியில் யாரோ இரவோடு இரவாக மாற்றுவதுதான் வழக்கம். உங்கள் வாடிக்கையாளர் படிப்பது அந்தப் படிக்கப்படாத வடிவத்தைத்தான்.

மன்னிப்புக் கேட்கலாமா என்பது இருவரும் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம். இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பதோ சிகிச்சைக்கு முன்வருவதோ மட்டுமே அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று தெளிவாகச் சொல்கிறது. இந்தியாவில் அப்படிப் பொதுவான சட்டப் பாதுகாப்பு இல்லை. பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 15, 16 பிரிவுகளின்படி ஒரு தரப்போ அதன் முகவரோ சொன்னது ஒப்புதலாகக் கொள்ளப்படலாம், பி.ஆர். ஏஜென்சி உங்கள் பெயரில் வெளியிட்டதும் அதில் அடங்கக்கூடும். அதற்காக மரக்கட்டை மாதிரி இருக்க வேண்டியதில்லை. யாராவது உடல்நலம் பாதிக்கப்பட்டதாகச் சொன்னால், அவருக்கு நேர்ந்ததற்கு வருத்தம் தெரிவிக்கலாம், உதவ முன்வரலாம். காரணத்தை மட்டும் சொல்லக்கூடாது. ‘எங்கள் தூளால்’ என்ற சொல் வராதவரை வக்கீலுக்குத் தூக்கம் வரும்.

இனி, பலரும் கவனிக்காத ஆபத்து: ரகசியம். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னது அதே சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவில் பாதுகாக்கப்படுகிறது. வழக்கறிஞரின் எழுத்தர், ஊழியர், மொழிபெயர்ப்பாளர் வரை அது நீளும். பி.ஆர். ஏஜென்சி அந்தப் பட்டியலில் இல்லை. நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அதிகாரிக்கும் 132 பொருந்தாது, 134-இன் குறைந்த பாதுகாப்பே உண்டு என்று 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் வக்கீலே பி.ஆர். ஆளை அமர்த்தினால் சில சூழலில் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது, சில சூழலில் மறுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒப்பந்த மாதிரியை இங்கே காப்பி அடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மெயிலின் தலையில் ‘ரகசியம், சட்ட ஆலோசனை’ என்று அச்சடிப்பதால் மட்டும் அது ரகசியமாகிவிடுவதும் இல்லை.

ஆகவே சட்டக் கருத்துரையை அப்படியே பி.ஆருக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். வழக்கின் பலவீனங்கள் எல்லாம் அதில் வெட்டவெளிச்சமாக இருக்கும். அதற்குப் பதில் வக்கீல் ஒரு பக்கக் குறிப்பு தர வேண்டும்: சொல்லலாம் என்பவை, கேட்டால் மட்டும் சொல்லலாம் என்பவை, சொல்லவே கூடாதவை. காரணங்களை நேரில் பேசிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் குழு தனிக்கதை. முதலாளி, வக்கீல், பி.ஆர்., தொழிற்சாலை மேலாளர், முதலாளியின் மைத்துனர் என எல்லோரும் ஒரே குழுவில். அதில் மேலாளர், “அந்த லாட்ல கொஞ்சம் பிரச்சினை இருந்துச்சுன்னு அப்பவே சொன்னேன் சார்” என்று போடுகிறார். சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழோடு தாக்கல் செய்தால் அதுவும் ஆவணம். குழு இரண்டாக இருக்கட்டும்: வக்கீலும் உண்மைத் தகவலும் ஒன்றில், அறிக்கை வரைவும் ஊடகமும் மற்றொன்றில். பயந்து போய் அழிக்கவும் கூடாது. வழக்கில் தேவைப்படும் என்று தெரிந்தே ஆவணத்தையோ மின்பதிவையோ அழிப்பது நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவில் தனிக் குற்றம். பழைய விளம்பரப் பதிவுகளை ‘சுத்தம் செய்வது’ பி.ஆர். ஆட்களின் கை தானாகச் செய்யும் வேலை. எதை நீக்குவதானாலும் முன்பு முகவரி, தேதியோடு படமெடுத்து வக்கீலிடம் கொடுத்து, அவர் சரி என்ற பிறகே நீக்க வேண்டும்.

யார் பேசுவது? வக்கீல் பேசக்கூடாது. தன் வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் கருத்து வரச்செய்வதும், அதையொட்டிப் படம் வெளியிடச்செய்வதும் இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி தடுக்கும் சமாச்சாரங்கள். ‘நம்ம வக்கீல் சார் நன்றாகப் பேசுவார், விவாதத்துக்கு அனுப்புவோம்’ என்று கேட்கும் பி.ஆர். அவரை ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்புகிறார். உணவுச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் பேசக்கூடாது. வழக்கு வந்தால் முதலில் நிற்பவர் அவர்தான். தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் சாட்சிக் கூண்டு ஏற வாய்ப்புள்ளவர், அவரும் கூடாது. மிஞ்சுவது விற்பனை அல்லது நிர்வாகத் தரப்பில் நிதானமான ஒருவர். அவருக்கு ஒரு பக்கக் குறிப்பை மனப்பாடம் செய்வது போதாது. வக்கீல் எதிர்த்தரப்பு வக்கீலாக, பி.ஆர். கோபக்கார நிருபராக உட்கார்ந்து அரை மணி நேரம் அவரைக் குடைய வேண்டும்.

நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா? அப்படியானால் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின், பட்டியலிட்ட நிறுவனங்களுக்கான 30-ஆம் ஒழுங்குமுறை குறுக்கே வரும்: நிறுவனத்துக்குள்ளிருந்து எழும் முக்கிய நிகழ்வை 12 மணி நேரத்துக்குள்ளும், வெளியிலிருந்து வருவதை 24 மணி நேரத்துக்குள்ளும் பங்குச் சந்தைக்குச் சொல்ல வேண்டும். சந்தைக்குப் போகாத தகவல் நிருபருக்கு முதலில் போகவே கூடாது. கம்பெனி செகரட்டரியை மூன்றாவது ஆளாக மேசைக்கு அழைத்துவிடுங்கள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு வேலை இன்னும் நுணுக்கமாகிறது. விசாரணை நாளுக்கு முந்தைய மாலையே மூன்று அறிக்கைகள் தயாராக இருக்க வேண்டும்: தடை கிடைத்தால், மறுக்கப்பட்டால், தள்ளிவைக்கப்பட்டால். மூன்றாவதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. நடப்பதென்னவோ பெரும்பாலும் அதுதான். நீதிபதி விசாரணையில் வாய்மொழியாகச் சொன்னது உத்தரவு ஆகாது. அவர் துறையைக் கடிந்துகொண்டார் என்பதற்காக அதை அறிக்கையில் போட்டுவிட்டு, மாலையில் உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால் முகம் எங்கே? உத்தரவு நகலை வக்கீல் படித்து முடிக்கும்வரை ஒன்றும் போகக்கூடாது. இடைக்காலத் தடை கிடைத்ததை ‘உண்மை வென்றது, நீதிமன்றம் எங்களைக் குற்றமற்றவர்கள் என்றது’ என்று கொண்டாடினால், எதிர்த்தரப்பு அடுத்த வாய்தாவில் அந்தப் பதிவை டைப்டு செட்டில் (நீதிமன்றத்தில் தரும் ஆவணத் தொகுப்பில்) சேர்த்து நீதிபதி முன் வைக்கும். பிரமாணப் பத்திரத்தில் சொன்னதும் பத்திரிகைக்குச் சொன்னதும் ஒத்துப்போக வேண்டும். ஒரு எண் மாறினாலும் கேள்வி வரும்.

வக்கீல்களுக்குள் நடக்கும் கடிதப் போக்குவரத்தைக் கசியவிட்டுச் சாதகம் தேடும் ஆசை சில பி.ஆர். ஆட்களுக்கு உண்டு. சஹாரா - செபி வழக்கில், சஹாரா தரப்பு வக்கீல் செபி தரப்பு வக்கீலுக்கு அனுப்பிய உத்தரவாத முன்மொழிவு விசாரணைக்கு முன்பே தொலைக்காட்சியில் வந்தது. அதிலிருந்து கிளம்பிய பிரச்சினைதான் 2012 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தேவைப்பட்டால் வழக்குச் செய்தி வெளியீட்டைத் தற்காலிகமாகத் தள்ளிவைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று தீர்ப்பளிப்பதில் போய் நின்றது.

அவதூறாக ஒரு யூடியூபர் பேசிவிட்டார், நோட்டீஸ் அனுப்பலாமா? இங்கே ஆசை வக்கீல் பக்கம் இருக்கும். இங்கிலாந்தில் மெக்டொனால்ட்ஸ் ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக இரண்டு சாதாரண ஆர்வலர்கள்மீது 1990-இல் வழக்குப் போட்டது. 1997-இல் தீர்ப்பில் பெரும்பகுதி வெற்றி. ஆனால் 300 நாளுக்கு மேல் நடந்த விசாரணையில் நிறுவனத்தின் சமையலறை முதல் சம்பளம் வரை எல்லாம் அலசப்பட்டது. சில குற்றச்சாட்டுகள் உண்மை என்றும் நீதிபதி கண்டார். சிலர் கையில் இருந்த பிரசுரம் உலகச் செய்தியானது. நம் நாட்டில், ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்துக்கும் ஜீ தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விசாரணைக்கு முன்பே கட்டுரையை நீக்கச் சொல்லும் இடைக்கால உத்தரவுகளை விதிவிலக்கான நிலையில்தான் தர வேண்டும் என்றது. எனவே ‘ஒரே வாரத்தில் வீடியோவைத் தூக்கிவிடலாம்’ என்ற வாக்குறுதியை நம்பாதீர்கள். முதலில் பி.ஆர். கேட்க வேண்டியது: இதை இதுவரை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், அதில் நம் வாடிக்கையாளர் யார்? வக்கீல் கேட்க வேண்டியது: அவர் சொன்னது தகவலா, அபிப்பிராயமா, தகவல் என்றால் பொய் என்று காட்ட நம்மிடம் என்ன தாள், அந்தத் தாளைத் திறந்தால் வேறென்ன வெளியே வரும்? பெரும்பாலும் ஆவணத்தை இணைத்து, திருத்தம் கேட்டு, மிரட்டல் இல்லாத ஒரு கடிதம் போதும். அந்தக் கடிதத்தையும் அவர் திரையில் காட்டிப் படிப்பார் என்று எண்ணியே எழுத வேண்டும்.

மேகி விவகாரத்தை இரு தரப்பும் சேர்ந்து படிக்க வேண்டும். 2015-இல் ஒரு ஆய்வகம் 17.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 17.2 பங்கு) ஈயம் என்றது, அனுமதி 2.5. ஜூன் 5 அன்று உணவு ஆணையம் ஒன்பது வகைகளையும் திரும்பப் பெறச் சொன்னது. மேகியைத் தயாரிக்கும் நெஸ்லே அதே நாளில் சரக்கை எடுத்துக்கொண்டது, ஆனால் தயாரிப்பு பாதுகாப்பானதே, நுகர்வோரிடம் ஏற்பட்ட குழப்பத்தால் எடுக்கிறோம் என்றது. வழக்கில் நிலைப்பாடு மாறாமல், கடையில் மக்கள் கேட்டதும் நடந்தது. அந்த வாக்கியம் இருவர் சேர்ந்தால்தான் வரும். ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், நிறுவனத்தின் தரப்பைக் கேட்காதது, ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லாதது ஆகியவற்றைச் சுட்டி உத்தரவை ரத்துசெய்து, மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை நடத்தச் சொன்னது. நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. சட்டப்படி வென்றாலும் ஐந்து மாத விற்பனை போனது போனதுதான். ஆணையம் சுட்டிய குறைகளில் ஒன்று பாக்கெட்டில் இருந்த ‘எம்எஸ்ஜி (சுவையூட்டி உப்பு) சேர்க்கப்படவில்லை’ என்ற வாசகம். அதைச் சேர்க்காமலே இயற்கையாக அதன் கூறு பொருளில் இருக்கக்கூடும் என்பது நிறுவனத்தின் வாதம். வேதியியலில் சரியாக இருக்கலாம். லேபிளில் அந்த வரி இருந்ததால்தான் வாதாடவே நேர்ந்தது. லேபிள், விளம்பர வாசகம், இணையதளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கம் ஆகியவற்றை வக்கீல் படிக்க வேண்டிய நேரம் நோட்டீஸ் வந்த பிறகு அல்ல, அச்சுக்குப் போகும் முன்.

அன்றாட நடைமுறைக்குச் சில ஏற்பாடுகள். இரு தரப்பிலும் முடிவெடுக்கும் உரிமையுள்ள ஒருவர் மட்டும் இருக்கட்டும். வக்கீல் காலை 10.30-க்கு மேல் கோர்ட் ஹாலில் இருப்பார், போன் எடுக்கமாட்டார். அதனால் ஒப்புதல் தரும் அதிகாரம் பெற்ற ஜூனியர் ஒருவரை எழுத்தில் குறித்துவிடுங்கள். ஒப்புதலுக்கு 30 நிமிட வரம்பு வையுங்கள். அது தாண்டினால் முன்பே சம்மதித்த ‘தகவல் சேகரிக்கிறோம், இன்று இத்தனை மணிக்கு மீண்டும் சொல்கிறோம்’ என்ற இரண்டு வரி அறிக்கை மட்டும் போகலாம். குறித்த மணிக்கு, புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், கட்டாயம் மீண்டும் சொல்ல வேண்டும். வரைவுகளுக்கு எண் போடுங்கள். மூன்றாவது வரைவுக்கு வக்கீல் தந்த ஒப்புதலோடு ஐந்தாவது வரைவு வெளியே போவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து.

கடைசியாக, பத்திரிகை அறிக்கையில் எல்லோரும் கண்ணாக இருக்கும்போது தப்பிப்போவது டீலர்களுக்கு விற்பனைப் பிரிவு அனுப்பும் குறுஞ்செய்தி. “டென்ஷன் ஆகாதீங்க அண்ணே, மேலிடத்தில் பேசி முடிச்சாச்சு” என்று ஒரு பிரதிநிதி ஸ்டாக்கிஸ்டுக்குப் போட்டால், அது மாலைக்குள் நிருபர் கையில் இருக்கும். வக்கீல் அதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். கடைக்காரருக்கு வேண்டியது பேட்ச் எண், சரக்கை யார் எப்போது எடுப்பார், கிரெடிட் நோட் எத்தனை நாளில் வரும், வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது என்ற நான்கும்தான். அதைப் பத்திரிகை அறிக்கையோடு சேர்த்தே எழுதி, அதே வக்கீலிடம் காட்டி, பத்திரிகைக்குப் போகும் அதே நிமிடத்தில் அனுப்புங்கள்.